மைக்கூட்டுக்குப் போட்ட பூட்டு

பட்டாசு லேபிள் அச்சிடுவோர், வெட்டுவோர் மற்றும் ஒட்டுவோர் ஐக்கிய முன்னேற்ற மகாசபையின் பெயர்ப்பலகை அதன் கட்டடத்தைவிட நீளமானது. ‘மகாசபை’ என்ற சொல் முழுவதும் பக்கத்து வளையல் கடையின் சுவரில்தான் நிற்கிறது. வளையல் கடைக்காரர் பொறுமைசாலி. பதினோரு வருடமாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவர் சுவரில் நின்றுகொண்டு பேசுவது மகாசபைக்குப் பழகிப்போன காரியம் என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

சிவகாசியிலும், எம். புதுப்பட்டி, தாயில்பட்டி, ஆமத்தூர் பக்கங்களிலுமாக அதற்கு நூற்று நாற்பது உறுப்பினர்கள். அத்தனை பேரும் லேபிள் வரைவது ஒரே வெளிநாட்டு மென்பொருளில்தான். அதற்கு விலை உண்டு, வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது, நம்பத்தான் இல்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் பூட்டை உடைத்த பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். கிராக் போட்டது என்று அதற்குப் பெயர். அது கைமாறிக் கைமாறி நூற்று நாற்பதாகப் பெருகிவிட்டது.

இந்த மகாசபையின் ஆஸ்தான டிசைனர் ‘நூர் டிசைன்ஸ்’ அப்துல் ஹலீம். ஊருக்கு அவர் ஹலீம் பாய். வயது ஐம்பத்திரண்டு, இந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம். என்ன தொழில் என்றால், ஒரு கம்பெனியின் ஒட்டகச்சிவிங்கி மார்க் சரவெடி தீபாவளிக்கு நன்றாக ஓடிவிட்டது என்று வையுங்கள். மறு சீசனில் நாலு பேர் அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். “இதே மாதிரி பாய், பேரை மட்டும் மாத்திருங்க” என்பார்கள். பாய் கழுத்தைக் குறைத்து, முதுகில் திமிலை ஏற்றுவார். ஒட்டக மார்க் ரெடி. கீழே பொடி எழுத்தில் இருப்பதை மொத்தமாகப் பிடித்து அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடிப்பார். அழிப்பதை அவர் படிப்பதில்லை. படித்தால் கை நிற்கும். கை நின்றால் சீசன் வேலை ஓடாது.

வெட்கம் என்ற ஒன்று அவருக்கு வந்தது போன ரம்ஜான் லீவில்தான். மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள் சனா கடைக்கு வந்தாள். பழைய லேபிள் கட்டுகளைப் பிரித்து, ஸ்கேல் வைத்து அளந்து, காலேஜ் வேலை என்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பாய் கம்ப்யூட்டரைப் போட்டார். மென்பொருள் திறக்கும்போது உரிமம் பெற்றவர் என்ற இடத்தில் ஒரு மண்டை ஓடும், வாயில் நுழையாத ஒரு பெயரும் வந்தன.

“யாரு அத்தா இது?”

“பூட்டைத் திறந்து குடுத்த புண்ணியவான்மா.”

“அப்ப இது திருட்டுச் சாமானா?”

“ஊரே வச்சிருக்குமா.”

சனா ஸ்கேலைக் கீழே வைத்தாள். பிறகு, “என் ஃபீஸும் இதுல வந்ததுதானா அத்தா?” என்றாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூட அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் மெதுவாகக் கேட்டுத் தொலைத்தாள். அன்றைக்குப் பாய் மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவி கமருன்னிசா குழம்பில் உப்புக் கூடிப்போச்சோ என்று நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே எண்ணம். பக்ரீத் லீவுக்குப் பிள்ளை வரும்போது கடையில் மண்டை ஓடு இருக்கக் கூடாது. தேடித் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘மைக்கூடு’ என்று பெயர். தமிழிலேயே எல்லாம் இருந்தது. சம்பளம் வாங்காமல் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம், உள்ளே திறந்து மாற்றியும் கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். செய்தவர்கள் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

அதைத் திறந்து பார்த்த பாய் அசந்துபோனார். புஸ்வாணக் கூம்புக்குச் சுற்றுத்தாள், தரைச்சக்கரத்துக்கு மேல்தாள் என்று எல்லா அளவும் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது. பசை ஒட்ட ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டிருந்தது. “எவனோ நம்ம பக்கத்து ஆளு செஞ்சிருக்கான் கமரு. தொழில் தெரிஞ்சவன். நல்லா இருக்கட்டும்” என்று வீட்டில் வந்து சொன்னார்.

ஆனால் அவர் ஒருவர் மட்டும் மாறினால் போதாது. அவர் வரைந்ததை அச்சகத்துக் கம்ப்யூட்டர் திறக்க வேண்டும். அச்சகங்கள் எல்லாம் மகாசபையின் கையில். அந்த நேரம் பார்த்து, எங்கோ ஓர் ஊரில் கிராக் போட்டவருக்கு வெளிநாட்டுக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் விட்டதாக ஒரு பேச்சுக் கிளம்பியது. மகாசபை அலறிப் புடைத்து அவசரக் கூட்டம் போட்டது. பாய் எழுந்து மைக்கூட்டைப் பற்றிச் சொன்னார்.

தலைவர் கருத்தப்பாண்டி அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். மூன்று அச்சகம், ஆமத்தூர்ப் பக்கம் முப்பது ஏக்கர், ஒரு ஆளுயரப் புகைப்படம் ஆகியவற்றுக்குச் சொந்தக்காரர்.

“எம்புட்டு பாய்?”

“இலவசம் அண்ணாச்சி.”

“முதல்ல இலவசம். அப்புறம்?”

“அப்புறமும் இலவசந்தான்.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செயலாளர் அழகுராஜா எழுந்து, “இருபது வருசமா நாம திருடிப் பயன்படுத்தினது நல்ல சாமான். அதனாலதான் திருடுனோம். சும்மா குடுக்கான்னா அதுல என்ன கோளாறோ” என்றார். பலத்த கைதட்டல். இலவசத்துக்கான காரணம் அறியும் குழு என்று மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அழகுராஜாவே அதற்கும் செயலாளர். குழு நான்கு நாள் விருதுநகரில் ரூம் போட்டுத் தங்கி, எண்ணெய் பரோட்டாவோடு ஆராய்ந்து, அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தது. அதில் முக்கியமான பகுதி இது: ‘மேற்படி மென்பொருளில் பூட்டு எதுவும் காணப்படவில்லை. பூட்டு இல்லாத இடத்தில் பெறுமானமுள்ள பொருள் இருக்க வாய்ப்பில்லை. ஆகவே முதற்கண் பூட்டும், அதன்பின் சாவியும் ஏற்பாடு செய்யப் பரிந்துரைக்கிறோம்.’

“அது பூட்டே கேக்காது அண்ணாச்சி” என்றார் பாய்.

“அது கேக்காட்டி நாம கேப்போம் பாய்” என்றார் அழகுராஜா. “சாவி எண் இல்லாம ஒரு சாமான உறுப்பினர் கையில குடுத்தா, சபைக்கு என்ன மரியாதை இருக்கு?”

ஆக, பாய் சாவி தயாரித்தார். தன் பழைய ஸ்கூட்டர் நம்பரையும் கமருன்னிசாவின் போன் நம்பரையும் ஒன்றாகக் கோத்து, கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டார். நூற்று நாற்பது உறையில் நூற்று நாற்பது சாவியும், மைக்கூடு ஏற்றிய பென்டிரைவும், அரக்கு முத்திரையோடு. உறையை ஒட்டும்போது அவருக்கு அசிங்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும், பக்ரீத்துக்குள் மண்டை ஓடு போனால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டார். உறுப்பினர் ஒவ்வொருவரும் மைக்கூட்டைத் திறக்கும் முன் சபைக்குப் போன் செய்து சாவி எண்ணைச் சொல்ல வேண்டும். அழகுராஜா நோட்டில் சரிபார்த்து, “ம், திறக்கலாம்” என்பார். அதற்குப் பிறகு அவர்கள் திறப்பார்கள். மைக்கூடு பாட்டுக்கு எப்போதும்போல் திறக்கும்.

மூன்றாம் நாள் தாயில்பட்டியிலிருந்து வெள்ளைத்தாய் என்ற உறுப்பினர் பஸ் பிடித்து வந்துவிட்டார். புருஷன் போன பிறகு அச்சகத்தைத் தனியாக நடத்துகிறவர். எதையும் நேரில் கேட்கிற பழக்கம்.

“சாவித்தாளு பசைவாளியில விழுந்து போச்சு. சரி, திறந்துதான் பாப்போமேன்னு திறந்தேன். திறந்துக்கிடுச்சு. என்ன அண்ணாச்சி, திருட்டுச் சாமானத் தலையில கட்டிட்டீகளா?”

மகாசபை நடுங்கிப்போனது. சாவி இல்லாமல் திறக்கிறது என்ற செய்தி வெளியே போனால் நூற்று நாற்பது பேரும் திறந்துவிடுவார்கள். அன்றே தீர்மானம் நிறைவேறியது. சாவி இல்லாமல் திறந்த குற்றத்துக்கு வெள்ளைத்தாய்க்கு எச்சரிக்கைக் கடிதம். மைக்கூடு இருக்கும் பென்டிரைவ்கள் அனைத்தும் சபையின் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்படும். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்படும்: ‘இதனை நகலெடுப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம்.’

ஸ்டிக்கரை வரைந்ததும் பாய்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கொடுத்த சாமான் மேல், எடுக்காதே என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டார். அதற்கும் ஒரு மாதிரி டப்பாவைக் கொடுத்து, “இதே மாதிரி பாய்” என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் சனா போன் செய்தபோது, மகாசபையே திருட்டை விட்டுவிட்டது, எல்லோரும் மாறுகிறார்கள், மண்டபம் பிடித்துத் தொடக்க விழாகூட வைக்கிறார்கள் என்று பாய் பெருமையாகச் சொன்னார்.

“எதுக்கு மாறுறீக அத்தா?”

“மைக்கூடுன்னு ஒண்ணு.”

“மைக்கூடா?” என்றாள் சனா. பிறகு சிரித்தாள். ரம்ஜானுக்கு அப்புறம் அவளிடமிருந்து வந்த முதல் சிரிப்பு அது. “தொடக்க விழாவுக்கு நானும் வாரேன் அத்தா. அங்கன வந்து உங்களுக்கு ஒண்ணு காட்டணும்” என்றாள். என்ன என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். பாய் போனை வைத்துவிட்டு, ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. போனால், கம்ப்யூட்டர் திரையில் மைக்கூட்டின் ‘ஆக்கியோர்’ பக்கம் திறந்திருந்தது. வரிசையாகப் பெயர்கள்.

“யாரு பாய் இவுகள்லாம்? நம்ம சாமானுக்குள்ள உக்காந்திருக்காக?”

“செஞ்சவுக அண்ணாச்சி.”

“சபைக்குச் சந்தா கட்டியிருக்காகளா?”

“இல்ல.”

“அப்ப எடுத்துருங்க. என் படத்தப் போட்டு, கீழ நிர்வாகிக பேரப் போடுங்க. மைக்கூடுங்கிற பேரும் ஒரு மாதிரி இருக்கு. மகாசபை டீலக்ஸ்னு வச்சிருங்க.”

பாய் திரையைக் கை காட்டினார். “அது ஒண்ணுதான் அண்ணாச்சி அவுக கேட்டது. பேரை எடுக்கக் கூடாதுன்னு…”

அழகுராஜா இடையில் விழுந்தார். “சம்பளமே கேக்காதவன் கேஸ் போடவா வருவான்? நல்லவுக பாய் அவுக. நல்லவுககிட்ட நாம எதுக்குப் பயப்படணும்? இந்த சீசன் லேபிள் ஆர்டரப் பூராம் உங்களுக்கே குடுக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். நீங்க என்னடான்னா பேரை மாத்த யோசிக்கீக. நீங்க மாத்தாத பேரா?”

தலைவரும் பெரிய மனது பண்ணி, “கடைசியில உங்க பேரையும் போட்டுக்கோங்க பாய்” என்றார்.

பாய் கடைக்கு வந்தார். பெயர்கள் இருந்த பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழ் வரை மொத்தமாகப் பிடித்தார். நீலமாகத் தெரிந்தது. ஒரு தட்டு, வெள்ளையாகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் லட்சம் தடவை செய்த வேலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தலைவர் படம், செயலாளர், பொருளாளர், துணைகள், இணைகள், கௌரவ ஆலோசகர்கள் என்று அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ‘வடிவமைப்பு: அப்துல் ஹலீம்’ என்று அடித்தார். இத்தனை வருடத்தில் அவர் பெயர் எந்த லேபிளிலும் வந்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது. பிள்ளை பார்ப்பாளே என்று எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். இதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

விழா கல்யாண மண்டபத்தில். குத்துவிளக்கு, நாதஸ்வரம், வாசலில் பத்தாயிரம் வாலா. மேடையில் பட்டுத்துணி விரித்த மேஜை மேல் இரும்பு பீரோவையே தூக்கி வைத்திருந்தார்கள். நாலு பேர் பிடித்தும் மேஜை ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது. பெண்கள் வரிசையில் கமருன்னிசாவும் சனாவும். சனா புதுத் தாவணி போட்டிருந்தாள். அத்தாவைப் பார்த்துக் கையசைத்தாள்.

தலைவர் பேசினார். “களவுங்கிறது நம்ம ரத்தத்துலயே கிடையாது. இருபது வருசமா நாம வச்சிருந்தது வேற விசயம். அதை நாம திருடல. திருடுனவன்கிட்ட இருந்து நாணயமா வாங்குனோம். இப்ப அதையும் விட்டுட்டோம். இந்தச் சாமான் இலவசம்னு கேள்விப்பட்டதும் எனக்கே கூச்சமாப் போச்சு. இலவசத்த வாங்குறது நம்ம கௌரவத்துக்குச் சரிவருமா? அதனாலதான் பூட்டுப் போட்டோம், சாவி போட்டோம், பேரை மாத்துனோம். இப்ப இது நம்ம சொந்தச் சாமான். இத எவனாச்சும் நகலெடுத்தான்னா, திருட்டு எவ்வளவு பெரிய பாவம்னு அவனுக்குச் சபை காட்டும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பீரோ திறக்கப்பட்டது. பென்டிரைவ் சொருகப்பட்டது. அழகுராஜா மைக்கில் சாவி எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். நட்சத்திரக் குறிக்கு நாதஸ்வரம் ஒரு வாசிப்பு வாசித்தது. பெரிய திரையில் மகாசபை டீலக்ஸ் திறந்தது. ஆக்கியோர் பக்கத்தில் தலைவர் சிரித்தார். கீழே பெயர்கள். கடைசியில், மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, அப்துல் ஹலீம்.

தலைவர் அவரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். பாய் கூட்டத்தில் மகளைத் தேடினார். சனா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக இரண்டு தடவை பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். மறுபடி கையசைக்கவில்லை.

விருந்தில் அவள் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாய் பொன்னாடையோடு நாற்காலியில் உட்கார்ந்து, “என்னம்மா, எதையோ காட்டணும்னியே” என்றார்.

“ஒண்ணுமில்லத்தா.”

“சும்மா காட்டும்மா.”

சனா போனை எடுத்து நீட்டினாள். மாற்றப்படாத மைக்கூட்டின் ஆக்கியோர் பக்கம். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அறுபத்து மூன்று பேர். நாற்பத்தோராவது பெயர்: ‘பட்டாசு லேபிள் அளவுகள்: அ. சனா, சிவகாசி. தொழில் சொல்லிக்கொடுத்தவர்: என் அத்தா அப்துல் ஹலீம், நூர் டிசைன்ஸ்.’

கமருன்னிசா அடுப்படியிலிருந்து வந்து, “என்னடி எழுதியிருக்கு?” என்று கேட்டாள். பாய்க்குத் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. மகள் எதிரே எடுக்கவும் கூச்சமாக இருந்தது.

“பேரை யாரு அத்தா மாத்துனா?”

“சபையில சொன்னாகம்மா.”

“மாத்துனது யாரு?”

“நாந்தான்.” கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “படிக்கலம்மா. அழிக்கும்போது நான் படிக்கிறதில்ல. படிச்சிருந்தா உன் பேரை விட்டிருப்பேன். சத்தியமா விட்டிருப்பேன்” என்றார்.

சனா போனை வாங்கிக்கொண்டாள்.

“மத்த அறுபத்திரண்டு பேரை அத்தா?”

அவர்களையும் விட்டிருப்பேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பொய்யை மட்டும் அவரால் பிள்ளையிடம் சொல்ல முடியவில்லை.